காலம் சொல்லும் சாட்சி

நிலநடுக்கச் செய்திகளைத் தொகுத்து வைத்த முஸ்லிம் அறிஞர்களுள் இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1505இல் கெய்ரோவில் மறைந்த அப்பெருந்தகை, நிலநடுக்கங்களை ஆண்டு வரிசைப்படுத்தித் தனி நூலே இயற்றினார்கள். நிலம் நடுங்கிய ஊரில் வாழ்ந்தோரின் சொல்லே அந்நாளில் சான்று. ஆளில்லாக் கடலடியில் நேரும் அதிர்ச்சிக்குச் சாட்சி யார்? காலமே சாட்சி என்று பிற்கால அறிவியல் விடை கண்டது.

1897 ஜூன் 12ஆம் நாள் அஸ்ஸாமைப் பேரதிர்ச்சி குலைத்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினரான ஓல்டாம், அவ்வதிர்ச்சி ஐரோப்பியக் கருவிகளில் வரைந்த கோடுகளை ஆராய்ந்தார். முதலலை, இரண்டாம் அலை, மேற்பரப்பலை என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதை 1900இல் விளக்கினார்.

இதனால் பயன் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் 12 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஒரு பேருந்தும் ஒரு மிதிவண்டியும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. மணிக்கு 36 கிலோமீட்டர் செல்லும் பேருந்து 20 நிமிடத்திலும், 12 கிலோமீட்டர் செல்லும் மிதிவண்டி 60 நிமிடத்திலும் இராசபாளையத்தை அடையும். இரண்டின் வேகமும் அறிந்தவர், புறப்பட்ட நேரத்தை அறியாவிடினும், இடைவெளியான 40 நிமிடத்தைக் கொண்டே அவை கடந்த தொலைவைச் சொல்லிவிடலாம்.

நில அலைகளும் இவ்வாறே. மேலோட்டில் முதலலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டரும், இரண்டாம் அலை சுமார் 3.5 கிலோமீட்டரும் செல்லும். ஆகவே, அண்மை அதிர்ச்சிகளில் ஒரு நொடி இடைவெளி ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும். தொலைவு தெரிந்தாலும் திசை தெரியாது. எனவே மூன்று நிலையங்களைச் சுற்றி வட்டம் வரைகின்றனர். மூன்றும் சந்திக்குமிடமே அதிர்ச்சியின் இடம்.

அஸ்ஸாம் அதிர்ச்சிக்குப் பின் 1898இல் கல்கத்தாவிலும், அடுத்து பம்பாயிலும் கொடைக்கானலிலும் அதிர்ச்சிப் பதிகருவிகள் அமைந்தன. நாம் கூறிய இரு ஊர்களுக்கும் வடக்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளதன்றோ கொடைக்கானல்!

2004 டிசம்பர் 26 காலை சுமத்திரா அருகே கடலடி பிளந்தபோது, அதன் முதலலை ஐந்து நிமிடங்களுக்குள் தமிழகத்தை அடைந்தது. ஆழிப்பேரலை நாகூர், நாகப்பட்டினக் கரைகளை எட்டவோ இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. இடையில் கிடைத்த அவகாசம் உயிர்களைக் காத்திருக்கலாம். ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. 2007இல்தான் ஐதராபாத்தில் அதற்கான மையம் எழுந்தது.

அறிவு ஓர் அமானிதம். கருவி அறிந்ததைக் கரையோரக் குடிசை வரை சேர்ப்பித்தால்தான் அந்த அமானிதத்தை நாம் நிறைவேற்றியவர்களாவோம்.