யாரை முந்தினால் பதக்கம்?

1989ஆம் ஆண்டு மே மாதம். தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் பதினொரு மணித்தியாலம் நிறைவடைய இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தது. எண்பது வயது முதியவர் ஒருவர் தள்ளாடியபடி முடிவுக்கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார். காலையில் பீட்டர்மரிட்ஸ்பேர்க்கிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 90 கிலோமீற்றரைக் கடந்திருந்தார். அவர் கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் காட்டிய நேரம் 10 மணித்தியாலம் 58 நிமிடம் 03 செக்கன். பதினொரு மணித்தியாலம் ஆனதும் அங்கே துப்பாக்கி வெடிக்கும். அதை வெடிப்பவர் ஓடிவருபவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். எவர் எத்தனை அடி தூரத்தில் வருகிறார் என்பதைக் கண்டு மனம் இளகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. வெடிச்சத்தத்துக்குப் பின் வருபவருக்குப் பதக்கம் இல்லை.

அந்த முதியவரின் பெயர் வொலி ஹேவோர்ட். ‘கொம்ரேட்ஸ்’ எனப்படும் அந்த ஓட்டத்தை 1930இல், 21 வயதில், முதன்முறை வென்றவர். பின்னர் 1950, 1951, 1953, 1954 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். இடையில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மரதனில் பத்தாவதாக வந்தார்.

அவரை எனக்கு நினைவூட்டியவர் எங்கள் செய்தி அறையின் இளைய நிருபர் ஒருவர். கொழும்பில் நடைபெறும் வீதியோட்டங்களில் தவறாமல் பங்குபற்றுபவர். ஒரு திங்கட்கிழமை காலை, முதல்நாள் கிடைத்த பதக்கத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுக் குறைபட்டுக்கொண்டார்.

“போன வருடத்தைவிட ஏழு நிமிடம் முந்தி வந்திருக்கிறேன் அண்ணா. பாதி வழி நடந்து வந்தவருக்கும் இதே பதக்கம்தான். முதல் மூன்று இடத்துக்கு நான் இந்தப் பிறவியில் வரப்போவதில்லை. என்னை நானே முந்தியதற்கு ஒரு பதக்கம் தந்தால் என்ன குறைந்துவிடும்?”

கேள்வி நியாயமானது. வெற்றி என்பது மற்றவரை முந்துவது மட்டும்தானா என்பது ஓட்டக்களத்துக்கு அப்பாலும் நீளும் கேள்வி. அன்று அவருக்குச் சரியான விடை சொல்ல என்னால் முடியவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் சில ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற வகையில் பழைய செய்திகளைப் புரட்டிப் பார்த்தேன். முன்னேற்றத்துக்குப் பரிசளிக்கும் யோசனை புதியதன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் அதனைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. அதன் பெயர்தான் ‘ஹண்டிகெப்’ ஓட்டம்.

முறை எளியது. வேகமானவன் பின்னால் நிற்பான். மெதுவானவன் அவனுடைய பழைய ஓட்டங்களின் கணக்குப்படி சில யார் முன்னே நிற்பான். கணக்கிடுபவர் தம் வேலையைச் சரியாகச் செய்தால் அத்தனை பேரும் ஒரே கணத்தில் கோட்டைத் தொடவேண்டும். அப்படியாயின் வெல்பவன் யார்? கணக்கிட்டவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக முன்னேறியவன். மிகவும் முன்னேறியவனுக்குப் பரிசு என்ற எங்கள் நிருபரின் கோரிக்கையை இதைவிட நேராக நிறைவேற்றும் போட்டி வேறில்லை.

ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில், பவுடர்ஹோல் என்ற இடத்தில் 1870இல் புத்தாண்டு ஓட்டம் இவ்விதமாகத் தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பொன் அகழ்ந்த ஸ்டோவெல் என்ற சிற்றூரில், 1878 ஈஸ்டர் விடுமுறையில் தொடங்கிய ‘ஸ்டோவெல் கிஃப்ட்’ ஓட்டம் இன்றும் நடைபெறுகிறது. இப்போது அது புற்றரையில் 120 மீற்றர். எல்லாருக்கும் பின்னால், ஒரு மீற்றர்கூட முன்னுரிமையின்றி நின்று ஓடி அதனை வெல்ல முதன்முதலில் ஒருவருக்கு இயன்றது 1975இல்தான். அவர் மடகஸ்கார் நாட்டின் ழான் லூயி ரவெலோமனன்ற்சொவா. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம், மிக வேகமானவர் எவரும் அங்கே வென்றதில்லை என்பதே இதன் பொருள். சாதாரணமானவர்களுக்கு இதைவிட நீதியான போட்டி ஏது என்று தோன்றும்.

நடந்தது வேறு. பணமும் பந்தயமும் வந்து சேர்ந்ததும், முன்னேறுவதற்கான மிகச் சுலபமான வழி முதலில் பின்தங்குவது என்று கண்டுபிடித்தார்கள். சிறு ஊர்களின் போட்டிகளில் வேண்டுமென்றே மெதுவாக ஓடித் தோற்பார்கள். வேறு பெயரில் பதிந்துகொள்வார்கள். பயிற்றுநர்கள் தங்கள் ஓட்டக்காரர்களை மறைத்து வைத்து, உரிய நாளில் வெளியே கொண்டுவருவார்கள். இவ்வாறு செத்தவன்போல் ஓடுவதற்கு அவர்களிடையே தனிச் சொல்லே வழங்கிற்று. அதனைப் பிடிக்கக் கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2015இல் ஸ்டோவெல் பெண்கள் ஓட்டத்தில் வென்றவருக்கு, முந்தைய ஓட்டங்களோடு ஒப்பிடுகையில் பொருந்தாத அளவுக்கு வேகமாக ஓடினார் என்பதற்காக 2,000 டொலர் அபராதம் விதித்தார்கள். அவர் ஏமாற்றினாரா, உண்மையிலேயே தேறினாரா என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. முன்னேற்றத்துக்குப் பரிசு தருவதற்கென்றே உண்டான போட்டியில் அதிகம் முன்னேறியது குற்றமாகிப் போன விசித்திரத்தையே சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

பணமில்லாத வெறும் பதக்கத்துக்கு யார் இவ்வளவு சிரமப்படப் போகிறார்கள் என்று கேட்கலாம். பதக்கத்தை அவ்வளவு அப்பாவிப் பொருளாக வரலாறு காட்டவில்லை. 1866இல் இலண்டனில் உருவான அமச்சூர் மெய்வல்லுநர் கழகத்தின் விதி, காசுக்கு ஓடியவர்களை மாத்திரமன்றி, கைத்தொழிலாளிகளையும் கூலியாட்களையும்கூட ‘அமச்சூர்’ அல்லர் என ஒதுக்கியது. 1880இல் புதிய சங்கம் ஏற்பட்டபோதே அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. காசு இழிவு, பதக்கம் கண்ணியம் என்ற பாகுபாட்டின் அடியில் கிடந்தது வர்க்க வேறுபாடு. நான் மேலே சொன்ன ஹேவோர்டும் அந்தப் பாகுபாட்டுக்கு இரையானவர்தாம். 1953இல் இங்கிலாந்து சென்று ஓடியபோது பயணச் செலவுக்கென நன்கொடை பெற்றார் என்பதற்காக, அவரைத் தொழில்முறை ஓட்டக்காரர் என முத்திரை குத்தி நெடுங்காலம் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தார்கள்.

கொம்ரேட்ஸ் ஓட்டத்தின் கதை இந்த விவாதத்துக்கு மிகவும் வேண்டியது. இதனைத் தொடங்கியவர் விக் கிளப்பம் என்ற புகையிரதச் சாரதி. முதலாம் உலகப் போரில் கிழக்காபிரிக்காவில் 2,700 கிலோமீற்றர் வரை கால்நடையாகச் சென்றவர். மாண்ட தோழர்களின் நினைவாக ஓர் ஓட்டம் நடத்த அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டு, மீண்டும் கேட்டுப் பெற்றார். 1921 மே 24ஆம் திகதி பீட்டர்மரிட்ஸ்பேர்க்கில் 34 பேர் புறப்பட்டார்கள். காந்தியடிகளைப் புகையிரதத்திலிருந்து இறக்கிவிட்ட அதே ஊர்தான். டர்பனை அடைந்தவர்கள் 16 பேர். வென்ற பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணித்தியாலம் 59 நிமிடம். இன்றைய கணக்கில் அது நடுத்தர ஓட்டக்காரரின் நேரம்.

இங்கே கவனிக்கவேண்டியது, இந்த ஓட்டத்தில் பதக்கம் முதல் மூவரோடு நின்றுவிடவில்லை என்பதாகும். குறித்த நேரத்துள் வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் பதக்கம் உண்டு. எந்தப் பதக்கம் என்பதை நேரம் தீர்மானிக்கும். முதல் பத்துப் பேருக்குத் தங்கம். ஏழரை மணித்தியாலத்துள் வந்தால் வெள்ளி. அதற்குப் பின் வந்தவர்களெல்லாம் நெடுங்காலமாக வெண்கலம் என்ற ஒரே கூடைக்குள் கிடந்தார்கள். எட்டு மணித்தியாலத்தில் வந்தவரும் பத்தே முக்காலில் வந்தவரும் ஒன்றே. எங்கள் நிருபரின் அதே முறைப்பாடு அங்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டில் ஒன்பது மணித்தியாலத்துள் வருபவர்களுக்கென ஒரு தனிப் பதக்கம் வந்தது. பெயர் பில் ரோவன் பதக்கம். 1921இன் வெற்றி நேரத்தை எட்டிப் பிடித்தவன் அதற்குரியவன். கால எல்லை 2003இல் பன்னிரண்டு மணித்தியாலமாக நீட்டப்பட்டபோது, கடைசி ஒரு மணித்தியாலத்துள் வருபவர்களுக்கு விக் கிளப்பம் பதக்கம் கிடைத்தது.

2019இல் வந்தது இன்னொன்று. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட மணித்தியாலத்தில் முடிப்பவர்களுக்கான ரொபேர்ட் ம்ட்ஷாலி பதக்கம். ம்ட்ஷாலி 1935இல் இந்தத் தூரத்தை ஒன்பதரை மணித்தியாலத்தில் ஓடி முடித்த கறுப்பினத்தவர். அந்த நாளில் இந்தப் போட்டி வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே உரியது; ஆகவே அவருடைய பெயர் முடிவுப் பட்டியலில் இல்லை. 1923இல் பிரான்செஸ் ஹேவோர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவரோ பொருட்படுத்தாமல் ஓடி 11 மணித்தியாலம் 35 நிமிடத்தில் முடித்தார். அமைப்பாளர்கள் பதக்கம் கொடுக்கவில்லை. பார்த்து நின்றவர்களும் உடன் ஓடியவர்களும் பணம் சேர்த்து வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். கதவு அனைவருக்கும் திறந்தது 1975இல். கரும்புத் தோட்டங்களுக்கென 1860 முதல் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததியார், தங்கள் வீட்டு வாசலைக் கடந்து செல்லும் ஓட்டத்தில் முறைப்படி இலக்கம் அணிய அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, கொம்ரேட்ஸ் பதக்கங்களுள் சில பரிசுகள், சில காலங்கடந்த மன்னிப்புக் கோரிக்கைகள். எல்லாவற்றுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. அளவுகோல் வெளியே இருக்கிறது. ஒன்பது மணித்தியாலம் என்றால் எல்லாருக்கும் ஒன்பது மணித்தியாலம். சென்ற ஆண்டு ஒன்பதேகாலில் வந்தவன் இவ்வாண்டு எட்டு ஐம்பத்தெட்டில் வந்தால் அவனுடைய முன்னேற்றத்தைப் பதக்கம் சொல்லிவிடும். வேண்டுமென்றே பின்தங்கி ஒருவனும் இங்கே இலாபம் பெற இயலாது. ஸ்டோவெல் தோற்ற இடத்தில் இந்த முறை வென்றிருக்கிறது என்பது என் எண்ணம்.

முன்னேற்றத்தை அளப்பதும் அப்படி எளிதன்று. கொம்ரேட்ஸில் ஓராண்டு டர்பனை நோக்கி இறங்கி ஓடினால் மறு ஆண்டு மேட்டை நோக்கி ஏறவேண்டும். எந்த ஆண்டை எந்த ஆண்டோடு ஒப்பிடுவது? வெயில், காற்று, மழை வேறு. 2017இல் சந்தைக்கு வந்த ஒரு பாதணி, ஓடுபவரின் சக்திச் செலவில் நான்கு வீதத்தை மிச்சப்படுத்தும் என்று பெயரிலேயே அறிவித்துக்கொண்டது. அதை வாங்கி அணிந்து ஐந்து நிமிடம் முந்தி வருபவரின் பதக்கத்தைக் கடைக்காரரோடு பங்கிட வேண்டியிருக்கும்.

இதனிலும் பெரிய தடை ஒன்று உண்டு. ஐம்பதைத் தாண்டியவன் என்ற முறையில் எனக்கு அது உடனே உறைத்தது. தன்னைத் தானே முந்துபவருக்குப் பதக்கம் என்றால், அது புதியவர்களுக்கும் இளையவர்களுக்கும் உரிய பதக்கம். முதல் ஐந்து, ஆறு ஆண்டுகள் எவரும் முன்னேறுவர். பிறகு உடல் கணக்கைத் திருப்பி எழுதத் தொடங்கும். அதற்கு மேல் இருபது, முப்பது ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் சிறிது மெதுவாக, ஆனால் விடாமல் ஓடுகிறவருக்கு அந்தப் பதக்கம் ஒருபோதும் கிட்டாது. வயதுக்கேற்ப நேரத்தைத் திருத்திக் கணிக்கும் அட்டவணைகளை மூத்தோர் மெய்வல்லுநர் அமைப்பினர் 1980களின் இறுதியில் உருவாக்கியது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். நல்ல முயற்சி. ஆயினும் அட்டவணையைப் பார்த்துத்தான் தெரியும் வெற்றியில் ஏதோ ஒன்று குறைகிறது.

பதக்கமே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. 2004 ஒக்டோபர் 2ஆம் திகதி இலண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய ஐந்து கிலோமீற்றர் ஓட்டம், ‘பார்க்ரன்’ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவிற்று. கட்டணமில்லை, பதக்கமில்லை. முடிவுப் பட்டியலில் ஒருவரின் பெயருக்கு எதிரே, இது அவருடைய சொந்தச் சாதனை நேரம் என்ற சிறு குறிப்பு மட்டும் விழும். அதற்காகச் சனிக்கிழமை காலையில் உயிரை விட்டு ஓடுகிறார்கள். மரதன் ஓடிய ஏறத்தாழ ஒரு கோடிப் பேரின் நேரங்களை அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே வேறுவிதமாகக் காட்டியது. நான்கு மணித்தியாலம் போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னதாக வந்து சேர்பவர்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். அந்த எண்ணைத் தாண்டியதும் தொகை சட்டென்று குறைகிறது. அந்த எண்களுள் பெரும்பாலானவற்றுக்கு எவரும் பதக்கம் கொடுப்பதில்லை. ஓடுபவர்கள் தாமே கட்டிக்கொண்ட கோடுகள் அவை.

இவற்றையெல்லாம் சென்ற வாரம் எங்கள் நிருபரிடம் சொன்னேன். கொழும்பு ஓட்டங்களை நடத்துபவர்கள் கொம்ரேட்ஸைப்போல நேரத்தின்படி மூன்று, நான்கு வகைப் பதக்கங்கள் கொடுக்கலாம், ஆளுக்காள் வேறுபடும் முன்னேற்றப் பதக்கம் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஏழு நிமிடம் அவருக்குப் பெரிது. அதை நானும் மறுக்கவில்லை.

பிறகு ஹேவோர்டின் கதையைச் சொன்னேன். 1988இல், 79 வயதில், மேடேறும் பாதையில் அவர் எடுத்துக்கொண்டது 9 மணித்தியாலம் 44 நிமிடம். மறு ஆண்டு, இறங்கும் பாதையில், ஏறத்தாழ ஒரு மணித்தியாலமும் பதினான்கு நிமிடமும் அதிகம். முன்னேற்றக் கணக்கில் பார்த்தால் படுதோல்வி. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்த இரண்டு வருடமும் அவருக்கு என்ன பதக்கம் கொடுத்தார்கள் அண்ணா?”

“இரண்டு வருடமும் வெண்கலம்தான்” என்றேன்.