பிணைப்பட்ட சபையார்: ரைஃபைசனின் கிராமக் கடன் சங்கங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரஷ்ய அரசுக்குட்பட்ட ரைன் மாகாணத்தின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில், பாகப்பிரிவினையால் தலைமுறைதோறும் சுருங்கிவந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குடியானவர்கள், விதைக்கும் கால்நடைக்கும் வட்டிக்காரரிடமே கையேந்தினர். பணம் மட்டுமன்றி மாடும் அங்கே கடனாகக் கொடுக்கப்பட்டது: வியாபாரி தன் மாட்டைக் குடியானவரின் தொழுவத்தில் கட்டுவார், தீனி போட்டு வளர்ப்பவர் குடியானவரே ஆயினும், மாடும் அதனால் வரும் ஆதாயத்தில் பங்கும் வியாபாரிக்கே உரியவை.

1818-இல் பிறந்து, சீர்திருத்தத் திருச்சபைப் பக்தியில் வளர்ந்த ஃப்ரீட்ரிஹ் வில்ஹெல்ம் ரைஃபைசன், 1845-இல் வையர்புஷ் என்னும் ஊரின் மேயராக, அதாவது பல சிற்றூர்கள் அடங்கிய வட்டாரத்தின் நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். 1846-47 குளிர்காலப் பஞ்சத்தில், ரொக்கத்துக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசு அனுப்பிய மாவை அவர் ஏழைகளுக்குக் கடனாகவே பகிர்ந்தளித்ததோடு, வசதியுள்ளோரிடம் நிதி திரட்டிப் பொது அடுப்புக்கூடம் ஒன்றையும் கட்டுவித்தார். பின்னர் ஃப்ளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாற்றப்பட்ட அவர், 1849-இல் அங்கு வசித்த வசதியுள்ளோர் 60 பேரைச் சேர்த்து ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். அவர்கள் கூட்டாகப் பொறுப்பேற்றுத் திரட்டிய பணத்தில் மாடு வாங்கிக் கொடுக்கப்பட, குடியானவர்கள் அதன் விலையைத் தவணைகளில் திருப்பிச் செலுத்தினர்.

இவை யாவும், உள்ளவர் இல்லாதவருக்கு இரங்கிச் செய்த உதவிகளே. ஹெடஸ்டோர்ஃபில் 1854-இல் அவர் தொடங்கிய அறச்சங்கமோ, ஆதரவற்ற பிள்ளைகளின் பராமரிப்பு, சிறையிலிருந்து விடுதலையானோருக்கு வேலை, நூலகம், கடன் எனப் பல பணிகளை மேற்கொண்டு, நாளடைவில் கடன் ஒன்றையே தாங்கி நின்றது. செல்வரின் ஈகை முதல் ஆர்வத்தோடு தளர்ந்துவிடும் என்பதையும், கடன் பெறுவோரே சங்கத்தின் உறுப்பினராகிப் பொறுப்பைச் சுமந்தாலொழிய அது நிலைக்காது என்பதையும் ரைஃபைசன் மனமுவந்து ஏற்கவில்லை. கிறிஸ்தவ அன்பே போதும் என்று நெடுங்காலம் நம்பிய அவரை அனுபவமே அம்முடிவுக்குத் தள்ளியது. 1862-இல் அன்ஹவுசனிலும் 1864-இல் ஹெடஸ்டோர்ஃபிலும் கடன் சங்கங்கள் தோன்றிய பின்னணி இதுவே.

இச்சங்கங்களின் ஆணிவேர் வரம்பற்ற பொறுப்பு என்னும் விதியாகும். சங்கம் வாங்கிய கடனைத் தீர்க்க முடியாவிட்டால், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதையும் கொண்டு ஈடுகட்டக் கடமைப்பட்டவர் என்பது இதன் பொருள். பிறனுக்காகப் பிணைப்படுதலைக் குறித்து நீதிமொழிகள் ஆகமம் மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்க, வேதத்தை நன்கறிந்த ஒருவர் பிணைப்படுதலையே அடித்தளமாக்கிச் சங்கம் கட்டியது வியப்புக்குரியது. எனினும், மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் சொல்லும் சிறியோருக்குச் செய்யும் தொண்டைத் தம் பணியின் ஊற்றாகக் கண்டவருக்கு, அயலானின் கடனில் தோள்கொடுப்பது அத்தொண்டின் தொடர்ச்சியாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆபத்தைக் குறைக்க அவர் கண்ட வழி, சங்கத்தின் எல்லையைத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் சேகரம் எனச் சொல்வதையொத்த ஒரே திருச்சபை வட்டாரத்துக்குள் அடக்கியது. ஒருவர் எதற்காகக் கடன் கேட்கிறார், உழைப்பாளியா, ஊதாரியா என்பவற்றையெல்லாம் அண்டை வீட்டார் அறிவர். தமது சொத்தும் அதில் பிணைந்திருப்பதால் கடன் சொன்ன செலவுக்கே போகிறதா என்பதையும் அவர்கள் கவனிப்பர். ஆகவே தனிமனிதரின் சிக்கனம் இங்கே சபையார் அனைவரின் கவலையாயிற்று. நிர்வாகிகள் ஊதியமின்றி உழைக்க, கணக்கரே சம்பளம் பெற்றார். இலாபம் உறுப்பினர்களிடையே பிரித்தளிக்கப்படாமல், எவரும் பங்கு கோர முடியாத பொது நிதியில் சேர்ந்தது.

நகரக் கைவினைஞருக்கும் சிறு வணிகருக்கும் கடன் சங்கங்கள் அமைத்த ஹெர்மன் ஷுல்ட்ஸ-டெலிட்ஷ், குறுகிய காலத்தில் திரும்பக் கேட்கப்படக்கூடிய வைப்புத்தொகையைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் கடன் கொடுப்பது அபாயம் என்று கடுமையாக எதிர்த்தார். கணக்கு முறைப்படி அவர் வாதம் வலுவானதே. ஆனால் கன்று வளர்ந்து பால் தருவதற்கும் நிலம் சீர்பட்டு விளைவதற்கும் சில மாதத் தவணை எவ்வகையிலும் போதாது என்ற ரைஃபைசனின் பதிலில், குடியானவர் வாழ்வைக் கூட இருந்து பார்த்தவரின் அறிவு இருக்கிறது. கண்பார்வை மங்கி 1865-இல் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற அவர், தம் மகள் அமாலியாவின் துணையோடு எழுதி 1866-இல் வெளியிட்ட நூல், இம்முறையைப் பிற பகுதிகளுக்கும் பரப்பியது. 1888-இல் அவர் மறைந்தபோது இத்தகைய சங்கங்கள் 400-க்கும் மேல் இருந்தன.

சென்னை மாகாண அரசின் பணிப்பின்பேரில் ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்த ஃப்ரெடரிக் நிக்கல்சன், 1895-இலும் 1897-இலும் வெளிவந்த தம் அறிக்கையில், இங்கும் ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடிப்பதே தீர்வு என்று முடித்தார். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பைப் பொது விதியாக வைத்தது. அவ்வாண்டிலேயே அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் கிராமக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. ஆயினும் ஜெர்மானியச் சிற்றூரில் சபை உறவிலிருந்து முளைத்த மேற்பார்வை, இங்கே அரசு நியமித்த பதிவாளரின் கைக்கு வந்தது.