மகனுக்காகத் தலைகுனியும் பெற்றோர்



மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஸஹாபி ஒருவரை, கூட்டத்தில் ஒருவர் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் எனச் சாட்சி கூறினார்கள். புகாரியில் பதிவான வரலாறு இது. தண்டனையும் நீங்கவில்லை, உறவும் அறுபடவில்லை.

நாமோ, சாரல் காலத்தில் குற்றாலம் சென்ற பிள்ளை போதையோடு தென்காசி திரும்பினால் பெற்றோரையே ஏசுகிறோம். நூஹ் (அலை) அவர்களின் மகன் கப்பலேற மறுத்தான். அதற்காகத் தந்தையைப் பழிப்பதுண்டா? மகளின் நிக்காஹ் தடைபடுமென அஞ்சிப் பெற்றோர் நோயை மறைக்கிறார்கள், வைத்தியம் தள்ளிப்போகிறது.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளியின் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குகிறது. அப்பெற்றோருடன் பொதிகை ரயிலேற ஜமாஅத்தில் இருவர் முன்வாருங்கள். பள்ளியில் பெயர் சொல்லி துஆ கேட்க வேண்டாம்.