400-இலிருந்து 299-க்கு: மெய்நிகர்க் கணினியின் கடிகாரம்

லினக்ஸ் கெர்னல் தன் தொடக்க ஆண்டுகளில், இன்டெல் 386 வழிவந்த கணினிகளில், விநாடிக்கு 100 துடிப்புகளை எண்ணியே நேரம் காத்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6ஆம் பதிப்பு அதனை 1000 ஆக உயர்த்தியது. மேசைக் கணினிக்கு அது விரைவைத் தந்தது. மெய்நிகர்க் கணினிக்கோ பெருஞ்சுமையாயிற்று. ஒரே வன்பொருளில் பத்து மெய்நிகர்க் கணினிகள் சும்மா இருந்தாலும், அவற்றைத் தாங்கும் புரவலர் கணினி விநாடிக்கு 10,000 துடிப்புகளை உண்டாக்கித் தரவேண்டும். தன் முறைக்குக் காத்திருக்கும் விருந்தினர் கணினி சில துடிப்புகளைத் தவறவிடும். அதன் கடிகாரம் பின்தங்கும். தவறியதை ஈடுசெய்ய முயன்று சில வேளை முந்தியும் ஓடும்.

'இயல்புநிலை அமைப்பு' என்னும் சொல்லாட்சி, அதனை எவரும் தீர்மானிக்கவில்லை என்ற மயக்கத்தைத் தருவது. இந்த 1000 தீர்மானிக்கப்பட்ட எண்; விருந்தினர் கணினியை நினையாமல் தீர்மானிக்கப்பட்டது. 2005 ஆகஸ்டில் 2.6.13 அதனை 250 ஆகக் குறைத்தபோதும், விவாதத்தில் முன்னின்றது மடிக்கணினியின் மின்செலவே. ரெட் ஹேட் தன் நிறுவனப் பதிப்பில் 1000-ஐயே வைத்திருந்து, பின்னர் அதனைப் பத்தால் வகுக்கும் தொடக்க அளவுருவை மெய்நிகர்க் கணினிகளுக்காகச் சேர்த்தது.

துடிப்பை எண்ணுவதையே கைவிட்ட தீர்வு 2008இல், 2.6.26ஆம் பதிப்பில், கேவிஎம் கடிகாரமாக வந்தது. ஒரு கணத்தின் நேரத்தையும், அக்கணத்தில் செயலியின் டிஎஸ்சி எண்ணி காட்டிய அளவையும் புரவலர் பொது நினைவகத்தில் எழுதிவைக்கும். எண்ணி அதன்பின் நகர்ந்த தொலைவை விருந்தினர் கூட்டிக்கொள்ளும். துடிப்பு தவறினாலும் நேரம் தவறாது.

கெர்னல் ஒவ்வொரு கடிகாரத்திற்கும் ஒரு தரமதிப்பு வழங்கி, உயர்ந்ததைத் தானே தேர்ந்துகொள்ளும். டிஎஸ்சிக்கு 300, கேவிஎம் கடிகாரத்திற்கு 400. அன்றைய செயலிகள் பலவற்றில் மின்சேமிப்பின்போது எண்ணியின் வேகம் மாறியது. ஆகவே புரவலரின் சொல்லை நம்புவதே தக்கதாக இருந்தது. வேகம் மாறாத எண்ணிகள் பரவலான பிறகு அந்த நியாயம் தளர்ந்தது. நிலையான எண்ணி உண்டெனப் புரவலர் விருந்தினருக்கு அறிவித்தால், கேவிஎம் கடிகாரத்தின் மதிப்பை 299 ஆக்கும் மாற்றம் 2019இல் கெர்னலில் சேர்ந்தது. 300-க்கு ஒன்று மட்டுமே குறைவு! பழைய கடிகாரம் நீக்கப்படவில்லை. டிஎஸ்சி நம்பத்தகாதது எனத் தெரிந்தால் உடனே அதன் இடத்தை ஏற்க, அடுத்த படியிலேயே நிறுத்தப்பட்டது. அத்தகைய அறிவிப்பு இல்லாத விருந்தினரில் அதன் மதிப்பு 400 ஆகவே தொடர்ந்தது.