கமோஓஅலேவாவின் தாய்வீடு

பூமியை விட்டுப் போகாமல், கூடவே சூரியனைச் சுற்றிவரும் கல் ஒன்று இருக்கிறது. பெயர் கமோஓஅலேவா. ஹவாயின் மாவி தீவில், ஹலேயகலா எரிமலை உச்சியில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி 2016 ஏப்ரல் 27 அன்று அதைக் கண்டுபிடித்தது. முதலில் 2016 ஹெச்ஓ3 என்ற பதிவெண் மட்டும்தான். ஹவாய் மக்களின் படைப்புப் பாடலிலிருந்து எடுத்த பெயர் பிறகு வந்தது. குறுக்களவு 40 முதல் 100 மீட்டருக்குள்.

பூமிக்கு இரண்டாவது நிலவு கிடைத்துவிட்டதாகச் செய்திகளில் எழுதுகிறார்கள். அது தவறு. நிலவு பூமியின் பிடிக்குள் இருப்பது. பூமியின் ஈர்ப்பு சூரியனை மிஞ்சி ஆளும் எல்லை சுமார் 15 லட்சம் கி.மீ. தான். இந்தக் கல்லோ மிக நெருங்கி வரும்போதும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கி.மீ. தள்ளியே நிற்கிறது. சூரியனை ஒரு முறை சுற்ற அதற்கும் ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. ஆனால் பாதை நம்முடையதைவிடச் சற்று நீள்வட்டம், ஏறத்தாழ 8 பாகை சாய்வு. சூரியனுக்கு அருகே இருக்கும் மாதங்களில் வேகமெடுத்து நம்மை முந்துகிறது, விலகியிருக்கும் மாதங்களில் பின்தங்குகிறது. இங்கிருந்து பார்த்தால் நம்மையே ஆண்டுக்கொரு சுற்று சுற்றுவது போலத் தோன்றும். கொஞ்சம் கொஞ்சமாக முன்னேயோ பின்னேயோ நழுவத் தொடங்கினால் பூமியின் ஈர்ப்பு அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. ஒரு நூற்றாண்டாக இப்படித்தான் நடக்கிறது, இன்னும் சில நூற்றாண்டுகள் நடக்கும் என்பது நாசாவின் பால் சோடாஸ் போட்ட கணக்கு.

அது எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான பகுதி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையிலிருந்து தப்பி வந்ததாக இருக்கும் என்றே யாரும் நினைப்பார்கள். பூமிக்கு அருகில் திரியும் கற்களில் மிகப் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். அரிசோனா பல்கலைக்கழகத்தில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த பென் ஷார்க்கி, அந்தக் கல்லில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தார். ஏப்ரலை ஒட்டிய சில வாரங்கள்தான் அதைப் பார்க்க வசதி. அப்போதும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடப் பல லட்சம் மடங்கு மங்கல். கிரஹாம் மலையிலுள்ள இரட்டைக்கண் பெருந்தொலைநோக்கி தேவைப்பட்டது.

ஒளியில் சிலிக்கேட் கனிமத்தின் சாயல் இருந்தது. ஆனால் அளவுக்கு மிஞ்சிச் சிவந்திருந்தது. மற்றச் சிறுகோள்களின் நிறமாலைகளை எல்லாம் எடுத்து ஒப்பிட்டும் பொருந்தவில்லை. பொருந்தியது அப்போலோ 14 நிலவிலிருந்து கொண்டுவந்த மாதிரியோடு. ஷார்க்கியும் அவருடைய வழிகாட்டி விஷ்ணு ரெட்டியும் உடனே அதை நம்பிவிடவில்லை; வேறு விளக்கம் தேடி மூன்று ஆண்டுகள் போயின. 2020இல் கொரோனாவால் தொலைநோக்கியே மூடிக் கிடந்தது. 2021 வசந்தத்தில் மறுபடி பார்த்து, அந்த ஆண்டு இறுதியில்தான் கட்டுரை வெளியிட்டார்கள். இந்தத் தயக்கமே எனக்கு அவர்கள்மேல் மதிப்பைக் கூட்டுகிறது.

நிலவிலிருந்து ஒரு கல் கிளம்ப விநாடிக்கு 2.4 கி.மீ. வேகம் வேண்டும். பெரிய மோதல் நடந்தால் அது கிடைக்கும். அப்படியானால் எந்த மோதல்? 2024இல் இஃபே ஜியாவ் குழுவினர் கணினியில் மோதல்களை நடத்திப் பார்த்து விரலை நீட்டியது, நிலவின் மறுபக்கத்தில் ஓரத்தை ஒட்டியிருக்கும் ஜோர்டானோ புரூனோ குழியை நோக்கி. அகலம் 22 கி.மீ. வயது பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு. நிலவின் கணக்கில் நேற்றுப் பிறந்தது.

அந்தக் குழிக்கு ஏற்கெனவே ஒரு பழங்கதை உண்டு. 1178 ஜூனில், பிறைநிலவின் கொம்பு பிளந்து தீ கக்கியதைச் சிலர் கண்டதாக இங்கிலாந்தின் கேன்டர்பரி துறவி ஜெர்வாஸ் எழுதிவைத்தார். புரூனோ குழி பிறந்ததைத்தான் அவர்கள் பார்த்தார்கள் என்று 1976இல் ஜாக் ஹார்ட்டங் சொன்னார். அழகான யோசனை, ஆனால் நிற்கவில்லை. அத்தனை பெரிய மோதல் நடந்திருந்தால் தூளும் துண்டும் ஒரு வாரம் பூமியில் எரிமழையாகப் பொழிந்திருக்கும். உலகில் எவரும் அப்படிக் குறித்துவைக்கவில்லை என்று 2001இல் பால் விதர்ஸ் எடுத்துக்காட்டினார்.

கல் புரூனோ குழியிலிருந்து வந்தது என்ற வாதம் அந்தப் பழங்கதையைவிட உறுதியானது. ஆனாலும் அதை முடிவாக எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. நிறம் நிலவைக் காட்டுகிறது, அவ்வளவுதான். விண்வெளியில் நெடுங்காலம் கிடந்து சூரியக் காற்றில் அடிபட்ட வேறு பாறையும் சிவக்கும். குழியைத் தேர்ந்தது வயதையும் அளவையும் வைத்துச் செய்த கழித்தல்.

இனிப் பேச வேண்டியது கல்லேதான். சீனாவின் தியான்வென்-2 விண்கலம் 2025 மே மாதம் ஷிசாங்கிலிருந்து கிளம்பியது. 2026இல் கமோஓஅலேவாவை அடைந்து, 2027இல் மாதிரியைப் பூமிக்கு அனுப்புவது திட்டம். வேலை எளிதல்ல: கல் 28 நிமிடத்துக்கு ஒரு முறை சுழல்கிறது, அதன் ஈர்ப்போ இல்லை என்றே சொல்லலாம். ஆகவே தொட்டு அள்ளும் கருவியோடு, ஒட்டிக்கொண்டு துளையிடும் ஏற்பாட்டையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மாதிரி வந்ததும் சோதனைச்சாலையில் பார்க்கவேண்டியது ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம். பூமிக்கும் நிலவுக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றே. சிறுகோள் பட்டையிலிருந்து விழும் எரிகற்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு. விகிதம் வேறாக இருந்தால் புரூனோ குழிக்கு வேறு பிள்ளையைத் தேட வேண்டியதுதான்.