ஆன்டி-வைண்டப்

ஆன்டி-வைண்டப் என்பது, வால்வு, மோட்டார் போன்ற இயக்கிகள் தம் எல்லையைத் தொட்டபின், கட்டுப்படுத்தியின் தொகையீட்டு உறுப்பு பிழையை வீணே சேர்த்துக்கொண்டு போவதைத் தடுக்கும் கட்டுப்பாட்டுப் பொறியியல் முறை. முழுதும் திறந்த நீராவி வால்வு அதற்குமேல் திறக்காது. வெப்பநிலை இலக்கை எட்டும்வரை தொகையீடோ வளர்ந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை இலக்கைத் தாண்டிய பிறகும் அந்தச் சேர்மானம் கரையும்வரை வால்வு மூடாததால், வெப்பநிலை மிகையாக ஏறிவிடும். எல்லையில் தொகையீட்டை நிறுத்திவைப்பது எளிய தீர்வு. கேட்ட கட்டளைக்கும் இயக்கி தந்ததற்குமான வேறுபாட்டைத் தொகையீட்டுக்குத் திருப்பி ஊட்டுவது மற்றொன்று. நடைமுறையில் இந்த இரண்டாவது முறையே பெரும்பாலும் சீராக மீள்கிறது. இயக்கி எவ்வளவு நகரலாம் என்ற வீச்சு எல்லையைப் போலவே, அது எவ்வளவு விரைவாக நகரலாம் என்ற வேக எல்லையும் ஆபத்தானது: 1993 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் விழுந்த ஸ்வீடனின் கிரிப்பன் போர் விமானத்தில், கட்டுப்பாட்டுப் பரப்புகள் வேக எல்லையை எட்டியது ஒரு காரணம். தாமே நிலையற்ற அமைப்புகளில், எல்லைக்குட்பட்ட இயக்கியால் மீட்கக்கூடிய நிலைகளே வரம்புடையவை. அங்கு இம்முறை மட்டும் போதாது.