சிரட்டை, உடும்புத் தோல், குதிரை மயிர்: இலங்கை வீணாவாவும் இராவணன் என்ற சிக்கலும்

வயலினின் மூதாதை இலங்கையில் பிறந்தது என்ற கூற்றைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் பெல்ஜிய இசையறிஞர் பிரான்சுவா-ஜோசப் ஃபெத்திஸ். பிரெஞ்சுப் பயணி பியர் சொன்னேரா 1782 இல் வெளியிட்ட தமது நூலில், 'இராவணாஸ்திரம்' என்றொரு கருவியைக் குறித்து, அதை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இலங்கை வேந்தன் இராவணன் ஆக்கினான் என்ற மரபுக் கதையையும் சேர்த்து எழுதினார். சொன்னேராவுக்கு அது கேட்ட கதை. ஃபெத்திஸ் அதை 1856 இல் வயலின் கைவினைஞர் ஸ்ராடிவாரியைப் பற்றிய நூலின் முன்வாயிலில் வைத்தபோது அது வரலாறாகிவிட்டது. அந்த வரலாறு அண்மையில் இலங்கைக்கே திரும்பி வந்துள்ளது. 2007 அளவில் இசையமைப்பாளர் தினேஷ் சுபசிங்க இக்கருவியை மேடைக்கு மீட்டதிலிருந்து 'இராவண வீணை' என்ற பெயர் சிங்களவரிடமும் தமிழரிடமும் பெருமிதத்தோடு வழங்குகிறது. இக்கட்டுரை அந்தப் பெருமிதத்தைக் குறைக்க வந்ததன்று. ஆனால் இத்தீவின் சிரட்டைக் கருவிக்கென உள்ள சான்று வேறொரு வரலாற்றைச் சொல்கிறது என்பதும், அது இராவணன் கதையைவிடச் சுவையானது என்பதும் என் துணிபு.

ஃபெத்திஸின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். மேற்கில் உள்ள எதுவும் கிழக்கிலிருந்து வராததில்லை என்பது அவருடைய பொதுக் கொள்கை. வில் போட்டு வாசிக்கும் கருவிகளுக்கும் அதையே பொருத்தினார். ஒரு கருவி எவ்வளவு எளிமையானதோ அவ்வளவு பழையது. இராவணாஸ்திரத்தைவிட எளிய கருவி இல்லை. ஆகவே அதுவே ஆதி. அவர் விவரிக்கும் கருவி இது: உள்ளே குடைந்த சிறு மர உருளை, அதன் ஒரு வாயில் பெரிய செதில்களுள்ள பாம்புத் தோல், உருளையை ஊடுருவிச் செல்லும் நீண்ட கோல், இரண்டு நரம்பு, மூங்கில் வில். இன்று அது ஏழைப் பௌத்தத் துறவிகளின் கையில், வீடுவீடாகப் பிச்சை எடுக்கும் கருவியாக எஞ்சியிருக்கிறது என்றும் எழுதினார். தோற்றம், எளிமை, வீழ்ச்சி என மூன்று கட்டங்களும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டதால் இக்கதை வேகமாகப் பரவியது. பின்வந்த வயலின் நூல்கள் பல இதையே எடுத்தெழுதின.

மூன்று இடங்களில் இக்கதை நிற்கவில்லை. முதலாவது பொருள். உருளை வடிவப் பேழை, பாம்புத் தோல், ஊடுருவும் கோல் என்ற சேர்க்கை இந்தியாவுக்கோ இலங்கைக்கோ உரியதாகத் தெரியவில்லை. சீனத்து எர்ஹூ என்ற வில்கருவி வகையின் அச்சு அசலான இலக்கணம் அது. இசைக்கருவி ஆய்வாளர் கார்ல் எங்கெலும் இராவணாஸ்திரம் சீனக் கருவியோடு ஏறக்குறைய ஒன்றே என்று குறித்தார். அவர் அதிலிருந்து இந்தியாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற பயணத்தை ஊகித்தார். எனக்கோ, ஃபெத்திஸ் சொன்னேராவின் பெயரைச் சீன வகைக் கருவியொன்றின் மேல் ஒட்டிவிட்டார் என்பதே எளிய விளக்கமாகப் படுகிறது. இரண்டாவது வாசிப்பவர். ஆடல், பாடல், வாத்தியம் ஆகியவற்றிலிருந்து விலகி நிற்பது பௌத்த ஒழுக்க விதிகளில் ஒன்று. தேரவாத நாட்டில் பிக்குகள் வில்கருவி வாசித்துப் பிச்சை எடுத்தனர் என்பதை அந்த விதியோடு எப்படிப் பொருத்துவது என்று ஃபெத்திஸ் கேட்கவே இல்லை. மூன்றாவது காலம். வில்லால் நரம்பை இழைப்பதற்கான எழுத்துச் சான்று கி.பி. 10 ஆம் நூற்றாண்டுக்கு முன் உறுதியாகக் கிடைக்கவில்லை. அல்-ஃபாராபியின் இசை நூலே அதற்கான பழைய சாட்சிகளில் முதன்மையானது. வெர்னர் பாஹ்மன் 1964 இல் வெளியிட்ட ஆய்வு வில்லின் பிறப்பிடத்தை நடு ஆசியாவில் வைத்தது. நடு ஆசியா என்ற இடத்தை ஏற்காதவர்களும் காலத்தை ஐயாயிரம் ஆண்டு பின்னே தள்ளுவதில்லை.

ஃபெத்திஸை விட்டுவிட்டால் இலங்கைக்கு என்ன மிஞ்சுகிறது? ஒரேயொரு விவரணை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் இலங்கை இசைக்கருவிகளைப் பட்டியலிடும் இடங்களில், சிங்களவரின் 'வீணாவா' என்று ஒரு கருவி வருகிறது. பளபளப்பாக்கிய அரைச் சிரட்டை, அதன் வாயில் காய்ந்த பல்லியினத் தோல், அடியில் துளை, இரண்டு நரம்பு. அவ்விரண்டில் ஒன்று ஆளி நார் போன்ற செடிநார், மற்றது குதிரை மயிர். வில்லின் நாணும் குதிரை மயிரே. வில்லில் சலங்கைகள் கட்டியிருக்கும். இந்த விவரணை ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு ஏறக்குறைய சொல் மாறாமல் நகர்ந்துள்ளது. ஆகவே பல சாட்சிகள் போலத் தோன்றினாலும் சாட்சி ஒன்றுதான். அந்த ஒன்றையும் ஆய்வாளர்கள் இராவணனுக்கான துணைச் சான்றாகவே வாசித்துக் கடந்துவிட்டனர். ஆனால் இராவணன் பெயர் அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இராவணன் பெயரைத் தாங்கும் கருவி இராஜஸ்தானிலும் குஜராத்திலும் 'இராவணஹத்தா' என உயிரோடு இருக்கிறது. அவன் நாடென்று சொல்லப்படும் தீவிலோ, பதிவான ஒரே கருவிக்குப் பொதுப்பெயரே இருக்கிறது.

என் வாதம் முழுவதும் அந்த இரண்டு நரம்புகளின் வேறுபாட்டின் மேல் நிற்கிறது. ஒரே கருவியில் இரண்டு நரம்பையும் ஒரே பொருளில் கட்டுவதே எளிது. வேறு வேறு பொருளில் கட்டியவர் காரணமில்லாமல் கட்டவில்லை. ஆளிச்செடி இத்தீவில் விளைவதில்லை. ஆங்கிலேயர் அப்படிச் சொன்னது பெரும்பாலும் சிங்களத்தில் 'நியந்த' எனவும் தமிழில் மரல் அல்லது மருள் எனவும் வழங்கும் செடியின் நாராக இருக்க வேண்டும். கயிறு திரிக்கவும் பாய் முடையவும் இச்செடி இங்கே நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. மரல் நார் தமிழிசைக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில், குமிழ மரத்தின் உட்குடைவான கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி, இடையன் தானே வில்யாழ் செய்து வாசிக்கும் காட்சி வருகிறது. விபுலாநந்த அடிகள் 1947 இல் வெளியிட்ட யாழ்நூலில் யாழின் வளர்ச்சி வரிசையை வில்யாழிலிருந்தே தொடங்கினார். காட்டில் கிடைத்த கொம்பையும் நாரையும் கொண்டு பாணனல்லாத ஒருவன் கட்டிய கருவி என்ற அளவில் அந்த இடையனின் யாழ் வீணாவாவுக்கு உறவு. ஆனால் அவன் அதை விரலால் மீட்டினான், வில்லால் இழைக்கவில்லை. எனவே மரல் நரம்பு விரலால் மீட்டும் பழைய உலகத்தைச் சேர்ந்தது.

குதிரை மயிர் அப்படியன்று. குதிரை இத்தீவின் இயல்பான விலங்கு இல்லை. அரசரும் வணிகரும் கடல் வழியே கொண்டுவந்தது. நெடுந்தீவில் இன்றும் திரியும் குதிரைகள் ஐரோப்பியர் காலத்து வளர்ப்பின் எச்சம். கிராமத்துக் கைவினைஞர் ஒருவருக்குக் குதிரை மயிர் எளிதில் கிடைத்திருக்காது. அதற்காக அலைந்து திரட்டியிருந்தால், அந்தக் கருவிக்கு அது இன்றியமையாததாக இருந்திருக்க வேண்டும். இராஜஸ்தானத்து இராவணஹத்தாவிலும் இதே அமைப்பு காணப்படுகிறது: அரைச் சிரட்டை, தோல், குதிரை மயிர் நரம்பு ஒன்று, வேறொரு பொருளில் இன்னொரு நரம்பு, சலங்கை கட்டிய குதிரை மயிர் வில். அங்கே இரண்டாவது நரம்பு இப்போது எஃகுக் கம்பி. நாட்டுப்புற நாயகன் பாபுஜியின் காவியத்தைத் துணிச்சுருள் முன் பாடும் போப்பா என்ற பாடகர்கள் இதை இன்றும் வாசிக்கிறார்கள். இன்னொரு பக்கம் கேரளத்துப் புள்ளுவர்களின் வீணை உடும்புத் தோல் போர்த்தியது. அதன் நரம்பு செடிநார். அதன் வில்லும் ஒலியெழுப்பும் உலோகத்தோடு அசைவது. வீணாவா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சிரட்டையும் குதிரை மயிர் நரம்பும் இராஜஸ்தானிலிருந்து தெற்கே வரும் தக்காணத்து வழியைக் காட்டுகின்றன. உடும்பாகக் கொள்ளத்தக்க பல்லியினத் தோலும் செடிநாரும் மலையாளக் கரையைக் காட்டுகின்றன.

இதற்கு வரக்கூடிய எதிர்வாதம் பலமானது. சிரட்டை, உடும்புத் தோல், நார் ஆகியவை தென்னாசியாவின் வெப்ப நிலங்களில் எங்கும் கிடைப்பவை. சந்தாலர்களின் 'பானம்' என்ற வில்கருவியும் உடும்புத் தோல் போர்த்தியதே. மணிப்பூரின் 'பேனா' என்ற வில்கருவியும் சிரட்டையும் குதிரை மயிரும் சலங்கை வில்லும் கொண்டதே. கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டுபவர்கள் எங்கிருந்தாலும் ஒரே முடிவுக்கு வரலாம். அதனால் ஒப்புமை தொடர்பைக் காட்டாது. பேழை, தோல் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்த எதிர்வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வில்லில் கட்டும் சலங்கையைப் பொருளின் கட்டாயம் என்று சொல்ல முடியாது. சலங்கை இல்லாமலும் வில் இழைக்கும். அதைக் கட்டியவர் தாளக்காரர் இல்லாமல் தனியே திரிந்து பாடுபவர். வில்லை இழுக்கும் கையே தாளத்தையும் தரவேண்டிய தேவை அவருக்கு உண்டு. தனியாகப் பாடும் அலைகுடியின் தேவை இது. அத்தேவை எங்கும் தோன்றலாம் என்று மறுபடியும் சொல்லலாம். சலங்கையும், வேறுபட்ட இரண்டு நரம்பும், அதில் ஒன்று தேடிப்பெற வேண்டிய குதிரை மயிராக இருப்பதும் ஒரே கருவியில் சேர்ந்து வருவதைத் தற்செயல் என்று ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. சாட்சி ஒன்றே என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

இராவணன் எங்கிருந்து வந்தான் என்பதற்கும் இவ்வழியில் விடை உண்டு. கயிலையின் கீழ் நசுங்கிய இராவணன் தன் உடலையே வீணையாக்கி, தன் நரம்பையே தந்தியாக மீட்டிச் சிவனைப் பாடினான் என்பது சைவ உலகில் வேரூன்றிய கதை. ஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடல்தோறும் பெரும்பாலும் இராவணனை நினைவூட்டுகிறார். இராவணன் பெயரிலான கருவியின் பழைய குறிப்புகள் கிடைப்பதும் இலங்கையில் அன்று; மிதிலை அரசன் நான்யதேவனின் பரதபாஷ்யம் போன்ற, கி.பி. 12 ஆம் நூற்றாண்டை ஒட்டிய வட நாட்டு நூல்களில்தான். ஆக, இராவணன் இக்கருவிக்கு ஊரைத் தரவில்லை, கதையைத் தந்தான். உடலிலிருந்தே கருவி செய்த அரசனின் கதை, சிரட்டையிலும் மயிரிலும் கருவி செய்து பிச்சைக்குப் போகும் பாடகருக்கு ஒரு குலப்பெருமை. ஃபெத்திஸ் அந்தக் குலப்பெருமையைப் பிறப்புச் சான்றிதழாக வாசித்தார்.

இனி, கருவியைக் கிடைக்கும் பொருளும் அலைகுடியும் சேர்ந்து உருவாக்கின என்றால், பொருள் மட்டும் நிறைந்திருந்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அதற்குச் சப்பிரகமுவத் தோட்டங்கள் தக்க சோதனைக்களம். 1876 இல் ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர்க் கன்றுகள் பெருகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கில் கேகாலை, ருவான்வெல்லைப் பக்கமெங்கும் இறப்பர் தோட்டங்களாயின. பால் எடுக்கும் கிண்ணம் பல காலம் சிரட்டைதான். கித்துள் நார் வேலிக்கு அப்பால் சிங்களக் கிராமத்தில் கிடைத்தது. கம்பியும் தகரமும் தொழிற்சாலையில் கழிந்தன. ஒரு சிரட்டைக் கருவியைக் கட்டப் போதுமானது எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் தோட்ட மக்களின் இசையைப் பதிவுசெய்தவர்கள், குறிப்பாக மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை காட்டும் உலகில், முன்னிற்பவை தோற்கருவிகள்: காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக்கு அழைத்த தப்பு, காமன் கூத்தின் பறை, உடுக்கு. நரம்புக் கருவி மையத்துக்கு வரவில்லை.

பொருள் இருந்தும் கருவி வேரூன்றாதது என் வாதத்துக்கு எதிராகத் தோன்றலாம். உண்மையில் அது துணை நிற்கிறது. தோட்டம் அலைகுடிகளுக்கு மூடிய நிலம். தோட்டத் துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைவது அத்துமீறல். 1930களில் தொழிற்சங்கக்காரர்களும் இதே தடையோடுதான் மோதினார்கள். தனியே பாடிப் பிச்சை எடுப்பவர் தொழிலாளர் குடியிருப்பான லயம் லயமாகப் போய் வாழ இடமில்லை. தோட்டத்துக்குள் இசை கூட்டமாக நடந்தது: திருவிழா, கூத்து, சாவு. கூட்டத்துக்குத் தோலின் உரத்த ஒலி வேண்டும். சிரட்டையின் மெல்லிய இழைப்பு எடுபடாது. தோட்டத்துக்கு முந்திய ருவான்வெல்லையோ வேறு. கொழும்பிலிருந்து சீத்தாவாக்கை வழியாகக் கண்டிக்குப் போன பழைய பாதையில் அது ஒரு தங்குமிடம். களனி ஆற்றில் ஏறிவந்த படகுகளும் சரக்கும் ஆட்களும் மலைநாட்டை நோக்கிப் பிரிந்த இடங்களுள் ஒன்று. அலைகுடிப் பாடகர் கண்டி நாட்டுக்குள் வந்திருந்தால் இப்படிப்பட்ட பாதைகளால்தான் வந்திருக்க வேண்டும். இப்பாதையில் வீணாவா நடந்தது என்று சொல்லும் ஆவணம் ஏதும் என்னிடம் இல்லை. மழை ஓயாத இப்பள்ளத்தாக்கில் தோலும் நாரும் சிரட்டையும் சில பருவங்களில் உளுத்துப்போகும் என்பதால் கருவிகளே எஞ்சுவதும் அரிது.

எனவே ஆண்டு சொல்ல முடியாது. வில்லுக்கு உறுதியான சான்று கிடைக்கும் பத்தாம் நூற்றாண்டை மேல் எல்லையாகவும், பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரணையைக் கீழ் எல்லையாகவும் வைத்தால் இடைவெளி எட்டு நூற்றாண்டுக்கு மேல். அதைக் குறுக்கும் சான்று என் கையில் இல்லை. இல்லாததை ஊகத்தால் நிரப்புவது ஃபெத்திஸ் செய்த தவறையே மறுபடி செய்வதாகும். ஆனால் வரிசையைச் சொல்லலாம். செடிநார் முதலில், அது இந்நிலத்துக்கும் தமிழகத்துக்கும் பொதுவான பழைய அறிவு. குதிரை மயிரும் வில்லும் சலங்கையும் பின்னர். அவை தென்னிந்திய வழிகளில் அலைந்து வந்தவர்களோடு வந்தவை. இராவணன் என்ற பெயர் இக்கருவியின் பிறப்பிடமாக இத்தீவைச் சுட்டத் தொடங்கியது எல்லாவற்றுக்கும் கடைசியில், ஐரோப்பிய நூல்களின் வழியாக. இன்று மேடையில் இராவண வீணையைக் கட்டுவோர் அந்தக் கடைசிப் படியை மட்டும் கருவியின் வரலாறாகக் கொள்ளாமல், வேறுபட்ட இரண்டு நரம்புகளையும் சலங்கை வில்லையும் ஒருமுறையேனும் அப்படியே கட்டி வாசித்துப் பார்த்தால், மரல் நரம்பு சுருதிக்காகவா பாட்டுக்காகவா நின்றது என்ற கேள்விக்காவது விடை கிடைக்கலாம்.